ஆகாயத்தில் நாலரை மணித்தியாலம்

அபுதாபி
26.02.1982, வெள்ளி

ராத்தாவுக்கு ஹாஜறா ஸலாம் சொல்லி எழுதுகிறேன்.

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். பத்து நாள் லீவில் போனவளுக்கு வீட்டுக்காரி பத்து நாள் உடுப்பையும் இஸ்திரி போட்டு மினுக்காமல் குவித்து வைத்திருந்தாள். அதை முடித்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைகளையும் முடித்து, இன்றைக்குத்தான் பேனை பிடிக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து. பிழை கண்டால் சிவப்பு மையால் திருத்தி அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

ராத்தா, இந்த முறை நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கட்டுநாயக்காவில் பிளேன் மேலே எழும்பியதிலிருந்து இங்கே தரையில் முட்டும்வரை நாலு மணித்தியாலமும் நாற்பது நிமிசமும். பக்கத்தில் இருந்த மனிசன் குறட்டை விட்டு எழும்புவதற்குள் முடிந்துவிட்டது.

வாப்பா மௌத்தானது செவ்வாய்க்கிழமை அஸர் நேரம். மாமியின் மகன் மர்சூக் அடித்த தந்தி அன்றைக்கே எனக்குக் கிடைத்தது. வீட்டுக்காரர் பாஸ்போட்டை எடுத்துத் தந்து, டிக்கெட்டுக்கும் சொல்லி, டிரைவரோடு ஏயார்போட்டுக்கு அனுப்பினார். அந்த விசயத்தில் அவர் நல்ல மனிசன். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு நான் கட்டுநாயக்காவில் நின்றேன். வான் பிடித்து, கண்டியால் இறங்கி, மகியங்கனையில் டயர் காற்றுப் போய், அம்பாறையால் வந்து நம்முடைய கடப்படியில் இறங்கும்போது பின்னேரம் ஐந்தேகால்.

மத்தியானம் லுஹர்த் தொழுகையோடு மையித்தை எடுத்துவிட்டார்கள். நான் வந்தபோது முற்றத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆண்பிள்ளை என்றால் பிந்தி வந்தாலும் மையவாடிக்குப் போகலாம். ஒரு பிடி மண் போடலாம், தலைமாட்டில் நின்று துஆ ஓதலாம். நமக்கு முகம் மட்டும்தானே ராத்தா. மையித்தைத் தூக்கிய சந்தூக்கு வாசலைத் தாண்டினால் நமக்கு முடிந்தது.

நான் வந்து சேரமாட்டேன் என்று யார் சொன்னது? அந்தப் பத்து நாளும் கேட்க நினைத்தேன். ஓதுகிற சனமும், சாப்பாட்டு வேலையும், உங்கள் முகமும் என்னைக் கேட்க விடவில்லை. எழுதுங்கள்.

ஹாஜறா

*

நற்பிட்டிமுனை
14.03.1982

அன்புள்ள ஹாஜறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. வெள்ளாமை வெட்டு முடியும் காலம், பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் வருவதில்லை. சபியா உம்மா மாமிக்கு முழங்கால் வலி. மற்றபடி எல்லோரும் சுகம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அபுதாபிக்கும் கட்டுநாயக்காவுக்கும் நேர்கோட்டில் இரண்டாயிரம் மைலுக்குச் சற்றுக் கூட. ஆனால் விமானங்கள் எப்போதும் நேர்கோட்டில் வருவதில்லை. சில கராச்சியில் இறங்குகின்றன, சில பம்பாயில். அங்கே நான்கு மணி நேரமும் நிற்கலாம், ஒரு நாளும் நிற்கலாம். அத்தோடு இரண்டு நாட்டு மணிக்கூட்டுக்கும் ஒன்றரை மணித்தியாலம் வித்தியாசம் இருக்கிறது. உனக்கு எந்த விமானம் கிடைக்கும், கிடைக்குமா இல்லையா என்பது இங்கிருக்கிற ஒருவருக்கும் தெரியாது. எல்லாம் முடிந்தபின் மணிக்கூட்டைப் பார்த்துக் கணக்குச் சொல்வது இலேசு.

மையித்தை வைத்துக்கொண்டிருப்பது நல்லதல்ல என்று மரைக்கார்மார் அவசரப்பட்டார்கள். பள்ளிவாசல் நிர்வாகம் அவர்கள் கையில். சீனிமுகம்மது மரைக்கார் ஒன்றைத் தீர்மானித்தால் யார் மறுத்துக் கதைப்பது? இது என்னுடைய தீர்மானமல்ல என்பதை நீ விளங்கிக்கொள்ள வேண்டும்.

வாப்பாவுக்காக யாஸீன் ஓது. உடம்பைக் கவனித்துக்கொள்.

சுல்பிகா

*

அபுதாபி
02.04.1982, வெள்ளி

ராத்தாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். கராச்சி, பம்பாய், நேர்கோடு. பள்ளிக்கூடத்தில் உங்களிடம் படித்திருந்தால் நானும் நல்ல மார்க் எடுத்திருப்பேன்.

சீனிமுகம்மது மரைக்காரை இதற்குள் இழுக்காதீர்கள். நான் உங்களுக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன்.

திரும்பி வருகிறதற்கு முதல்நாள் கல்முனைத் தபால் கந்தோருக்கு முத்திரை வாங்கப் போனேன் அல்லவா? அங்கே பாண்டிருப்புக் கனகசபாபதி அண்ணன் நின்றார், நம்முடைய பக்கம் தந்தி கொண்டுவருகிறவர். என்னைக் கண்டதும் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தார்.

"பிள்ளை, வாப்பாட முகம் பாக்கக் கிடைக்கல்லயாமே?" என்றார்.

"ஓம் அண்ணன், பிந்திப் போச்சி" என்றேன்.

"அதெப்படி? உங்கட தந்தி அண்டைக்குக் காலையில ஒம்பது மணிக்கு முந்தியே வந்திட்டுதே. செத்த வீட்டுத் தந்தியெண்டு மற்றதையெல்லாம் போட்டுட்டு சைக்கிள உழக்கிக்கொண்டு வந்தன். டீச்சர்ட கையிலதான் குடுத்தன், கையெழுத்தும் வாங்கினன். நீங்க வாற சேதி அதில இரிந்திச்சே."

அந்த மனிசன் வேறு மதத்து ஆள். நம்முடைய மையித்துக்கு அவர் உழக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

அந்தத் தந்தியை நான் ஏயார்போட்டில் வைத்து, மலையாள டிரைவரிடம் எழுதச் சொல்லி அடித்தேன். ஐந்தே ஐந்து இங்கிலீசுச் சொல். இன்றிரவு புறப்படுகிறேன், வாப்பாவை வைத்திருங்கள், ஹாஜறா. வேறு யாருடைய பெயருக்கும் அனுப்பாமல் உங்கள் பெயருக்கு அனுப்பினேன். ஏனென்றால் நீங்கள் படித்தவர், சொன்னால் ஊர் கேட்கும் என்று நினைத்தேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து உங்களைப் பார்த்தேன். எனக்குக் கொண்டுபோகவென்று அரிசிமா வறுத்துக்கொண்டு நின்றீர்கள். கேட்டால் நீங்கள் பொய் சொல்வீர்கள் என்று தெரிந்தது. முகத்துக்கு நேரே நீங்கள் பொய் சொல்வதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது ராத்தா. அதுதான் கடிதத்தில் கேட்டேன். கடிதத்திலும் சொல்லிவிட்டீர்கள்.

வாப்பாவை லுஹரோடு எடுக்கச் சொன்னது யார்?

ஹாஜறா

*

நற்பிட்டிமுனை
18.04.1982

ஹாஜறா,

ஸலாம் சொல்லித் தொடங்கக் கை வரவில்லை. நேரே எழுதுகிறேன்.

சொன்னது நான்.

கனகசபாபதி வந்தபோது நான் கிணற்றடியில் நின்றேன். ஈரக் கையோடு கையெழுத்துப் போட்டேன். வாசித்தேன். மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். அந்த நேரம் ஒரு எண்ணமும் இருக்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது உண்மையல்ல. மடிக்கும்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

அரை மணித்தியாலத்துக்குள் சீனிமுகம்மது மரைக்கார் வந்தார். முற்றத்தில் நின்றபடி எல்லோருக்கும் கேட்கத்தான் கேட்டார்.

"டீச்சர், சின்னவ வந்து சேருவாவா? அபுதாபியெண்டா எவ்வளவு தூரம், எத்தின மணித்தியாலம்? நமக்கு இந்தக் கணக்கு விளங்காது. நீங்க சொல்றதுதான்."

இருபத்தொரு வருடமாகப் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். இந்த ஊரில் ஒருவர் என்னிடம் அந்தப் படிப்பைக் கேட்டு வந்தது அன்றைக்குத்தான்.

"இரண்டாயிரம் மைல். விமானம் கிடைத்தாலும் வழியில் மாற வேண்டும். நாளைக்குப் பின்னேரத்துக்கு முன்னர் வர முடியாது" என்றேன்.

"அவ்வளவுக்கு வெச்சிரிக்க ஏலா" என்றார். "அப்ப லுஹரோட எடுப்பம்."

ஏன் என்று நீ கேட்பாய். ஒரு கிழமையாக இதை எழுதி எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் என்னை நல்லவளாக்குகிற ஒரு வரி எங்கேயாவது வந்து புகுந்துவிடுகிறது. இந்தத் தடவை அதை உள்ளே விடாமல் எழுதப் பார்க்கிறேன்.

வாப்பா ஆறு மாதம் படுக்கையில் இருந்தார். எனக்கென்று பிள்ளை இல்லை, என் மனிதர் மௌத்தாகிப் பதினொரு வருடம். வாப்பாவைக் கழுவித் துடைப்பது எனக்குப் பாரமாக இருக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தால் வந்து சாரி மாற்றுவதற்கு முன்னரே வாப்பா கேட்பார்:

"மகள், அபுதாபியிலிரிந்து கட்டுநாயக்காவுக்கு எத்தின மணித்தியாலம்?"

"நாலரை, வாப்பா."

"அங்கிரிந்து இஞ்ச?"

"பத்து."

"பாரன், ஆகாயத்தில நாலரை, தரையில பத்து. ரோட்டுக்காரன்தான் என்ட புள்ளைய மறிச்சி வெச்சிரிக்கான்."

சிரிப்பார். முதல் மாதம் நானும் சிரித்தேன். அட்லஸை எடுத்துவந்து நூல் வைத்து அளந்துகூடக் காட்டினேன். பிறகு ஒவ்வொரு நாளும் அதே கேள்வி. மழை பெய்த நாளிலும், எனக்குக் காய்ச்சல் அடித்த நாளிலும். கடைசிக் கிழமை அவர் கேட்டபோது "தெரியா வாப்பா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் பேசினை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். "படிப்பிக்கிற உனக்குத் தெரியாதா?" என்று பின்னால் கேட்டது. திரும்பவில்லை.

இந்த வீடு மூத்தவள் என்று எனக்குச் சீதனமாக எழுதியது. உனக்கென்று தொடங்கிய வீடு கூரை மட்டத்தோடு நின்றது. அதை முடிக்கத்தான் நீ போனாய். அவர் என்னுடைய வீட்டில் படுத்துக்கொண்டு உன்னை நினைத்தார். அதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்தபடியால்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

தந்தியைப் பார்த்ததும் கணக்கு என் தலையில் தானாக ஓடியது. இரவு புறப்பட்டால் காலையில் கட்டுநாயக்கா, பின்னேரம் ஐந்து, ஆறு மணிக்கு நம் கடப்படி. நீ வந்து இறங்குவாய். சனம் உனக்கு வழி விடும். வாப்பா காத்திருந்த பிள்ளை இதுதான் என்று எல்லோரும் அழுவார்கள். நான் கதவோரத்தில் நிற்பேன். அதை நான் பார்க்க விரும்பவில்லை. இவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் எனக்கே ஆறுதலாக இருக்கும்.

போன கடிதத்தில் மரைக்காரின் மேல் போட்டேன். அந்த வரியை எழுதும்போது என் கையெழுத்து வழமையைவிட அழகாக வந்தது. அதையும் நான் கவனித்தேன்.

உன்னிடம் ஒன்றும் கேட்பதற்கு எனக்கு வாய் இல்லை.

சுல்பிகா

*

அபுதாபி
21.05.1982, வெள்ளி

ராத்தாவுக்கு,

ஒரு மாதம் நான் எழுதவில்லை. இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். உங்கள் கடிதத்தைக் கிழிக்கவும் மனமில்லை, பெட்டிக்குள் வைக்கவும் மனமில்லை. மினுக்குகிற மேசைச் சீலைக்குக் கீழே வைத்திருக்கிறேன். அதற்கு மேலேதான் இந்த வீட்டுச் சட்டையெல்லாம் மினுக்குகிறேன்.

பொறுத்துக்கொள் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருக்கமாட்டேன்.

வாப்பா என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நீங்கள் எழுதித்தான் எனக்குத் தெரியும். அதை ஏன் அப்போதே ஒரு வரி எழுதவில்லை? எழுதியிருந்தால் மாசியில் எடுத்த லீவை மார்கழியில் எடுத்திருப்பேன். உயிரோடு பார்த்திருப்பேன். இதை உங்களைக் குத்துவதற்கு எழுதவில்லை. இல்லை, குத்துவதற்குத்தான் எழுதுகிறேன்.

இப்போது எனக்கு ஒன்று வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன்னர் பார்த்த வாப்பாதான் எனக்குள் இருக்கிறார், கல்முனைச் சந்தையில் நின்று கைகாட்டினவர். அதற்குப் பிறகு பச்சை மண்தான், அதையும் நான் பார்க்கவில்லை. நடுவில் ஒன்றும் இல்லை. கண்ணை மூடினால் முகம் இருக்கிற இடத்தில் வெள்ளைச் சீலை மட்டும் வருகிறது.

நீங்கள் பார்த்தீர்கள்தானே. கபன் சீலை கட்டி, எடுக்கிறதற்கு முதல் முகத்தைத் திறந்து பெண்களுக்குக் காட்டியிருப்பார்கள். வாப்பா எப்படி இருந்தார் என்று எழுதுங்கள். நல்லாக இருந்தார், முகத்தில் வெளிச்சமாக நூர் அடித்தது என்று எல்லோரும் சொல்கிற மாதிரி வேண்டாம். கண், வாய், தாடி எல்லாம் எழுதுங்கள். ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். படித்தவர்தானே, எழுதத் தெரியும்.

இதை எழுதிவிட்டுப் பிறகு மற்றதைக் கதைப்போம்.

ஹாஜறா

*

நற்பிட்டிமுனை
20.06.1982

ஹாஜறா,

உன் கடிதம் வந்து பதினெட்டு நாள். அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். "வாப்பாவின் முகம்" என்று எழுதினேன். அதற்கு மேல் போகவில்லை.

நான் பார்க்கவில்லை, தங்கச்சி.

"முகம் பாக்கிற பொம்புளைகள் வாங்க" என்று கூப்பிட்டார்கள். நான்தான் முதலில் போனேன், மூத்த மகள் அல்லவா. தலைமாட்டில் நின்றேன். தந்தி சட்டைக்குள் இருந்தது, வேர்வையில் நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது. முகத்தைப் பார்த்தால் அவர் எத்தனை மணித்தியாலம் என்று கேட்பார் என்று ஒரு பயம். படித்தவளுக்கு வருகிற பயமா அது? ஆனால் வந்தது. காலடியில் சீலையைக் கட்டியிருந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் அழுதுகொண்டு என்னைத் தாண்டிப் பார்த்தார்கள். உன்னைப் பார்க்கவிடாமல் செய்தவள் தானும் பார்க்கவில்லை.

அதனால் பார்த்தவர்களிடம் போனேன். பக்கத்தில் நின்ற மகள் இதை ஏன் மற்றவர்களிடம் கேட்கிறாள் என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. முதல் வீட்டில் சொல்வதற்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது.

அது பக்கத்து வீட்டு மைமூனா. "என்ன ராத்தா, தலைமாட்டில நிண்டது நீங்க, என்னட்ட வந்து கேக்கீங்க?" என்று சிரித்தாள். சொன்னேன். சிரிப்பு நின்றது. "கறி அடிப்பிடிக்கிது" என்று உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "கட்டுப்பல்லக் கழட்டியிரிந்தாங்க. அதால வாய் கொஞ்சம் உள்ளுக்குப் போய்க் கிடந்திச்சி, சின்னப் புள்ள பால் குடிக்கிற மாதிரி. தாடிய நல்லாச் சீவியிரிந்திச்சி. வலது பக்கத்தால." பிறகு, "ஹாஜறாக்கு எழுதினா நான் ஸலாம் சொன்னனெண்டு எழுதுங்க" என்றாள். எனக்கு ஸலாம் சொல்லவில்லை.

சபியா உம்மா மாமி கேட்டுவிட்டுப் பாக்குரலைத் தூக்கித் தூரப் போட்டார். "நீயெல்லாம் படிச்சவளாடி? எருமை மாடு கூடக் கண்டுக்குட்டிக்கு வழி விடும்" என்றார். நான் எழும்பவில்லை. நெடுநேரம் ஏசினார். ஏசிக் களைத்த பிறகு சொன்னார்: "எங்கட உம்மாட முகம் அது. உசிரோட இரிக்கக்குள்ள என்ட கூடப்பொறந்த காக்கா எங்கட வாப்பாவப் போலத்தான் இரிந்தாரு. மௌத்தாகி உம்மா மாதிரி வந்திட்டாரு. நெத்தியில ஒரு சுருக்கமும் இல்ல." நான் வெளிக்கிடும்போது, "இனி உன்ட வீட்டுக்கு நான் வரமாட்டன். சின்னவள் வந்து கூப்பிட்டாத்தான்" என்றார். நீ வரும்போது கூப்பிடு.

மையித்தைக் குளிப்பாட்டிய மீராமுகைதீன் லெவ்வையிடம் போனேன். அவர் ஒன்றும் ஏசவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "இடது கண் முழுசா மூடல்ல" என்றார். "தடவித் தடவி மூடினன். கைய எடுத்தா ஒரு நெல்லுமணி அளவுக்குத் திறக்கும். கடைசியில பஞ்சு வெச்சன்." என் முகத்தில் என்ன தெரிந்ததோ, பிறகு சொன்னார்: "அது ஒண்டுமில்ல டீச்சர், நரம்பு. நிறையப் பேருக்கு அப்படித்தான். மையித்து ஒருத்தரையும் எதிர்பாத்துக் கிடக்கிறல்ல." வலது காதுக்குப் பின்னால் ஒரு சிறிய மறு இருந்ததாம். எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?

சீனிமுகம்மது மரைக்காரிடம் கடைசியாகப் போனேன். அவரிடம் முகம் கேட்கப் போகவில்லை, சொல்லத்தான் போனேன். பள்ளிவாசல் கணக்கர் உட்பட நாலு பேர் இருந்தார்கள். எழும்பிப் போக வேண்டாம் என்று நானே சொன்னேன்.

கேட்டு முடித்துத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "டீச்சர், நான் ஐஸ் சொல்லி வெச்சிரிந்தன்" என்றார். "மர்சூக் மீன்வாடியில லொறியோட நிண்டவன். நீங்க ராவு வருவா எண்டு சொல்லியிரிந்தா ராவு வரைக்கும் வெச்சிரிப்பன். அடுத்த நாள் சுபஹு எண்டாலும் வெச்சிரிப்பன். நீங்க கதைச்ச பொறகுதான் வேணாமெண்டு ஆளனுப்பினன்."



"ஒரு பொம்புளப் புள்ளைக்கு வாப்பாட முகத்தக் காட்டாம எடுத்தது நான்" என்றார். "என்ட வாயாலதான் எடுக்கச் சொன்னன். அந்தப் புள்ளைக்கிட்ட என்னையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லி எழுதுங்க." எழுதிவிட்டேன்.

இப்போது ஊருக்குத் தெரியும். போன கிழமை மேலத்தெருவில் ஒரு மையித்து, மகன் ரியாத்தில். எத்தனை மணித்தியாலம் என்று கேட்க என் வீட்டைத் தாண்டிக் கல்முனை டிக்கெட் கந்தோருக்கு ஆள் போனது. நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் வரும்வரை ஐஸில் வைத்திருந்தார்கள். வகுப்பில் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகள் நான் வரைபடத்தைத் தொங்கவிடும்போது ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

நாலு நாளில் நோன்பு. அதற்கு முன்னர் இதை அனுப்பிவிட வேண்டும் என்று இன்றைக்கு முடித்தேன்.

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: உள்ளே போன வாய், வலது பக்கத்தால் சீவிய தாடி, சுருக்கம் இல்லாத நெற்றி, நெல்மணி அளவு திறந்த இடது கண், காதுக்குப் பின்னால் ஒரு மறு. ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தால் வந்து, அவர் படுத்திருந்த கட்டிலில் இருந்துகொண்டு இவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிறேன். எனக்கு முகம் வருவதில்லை. உனக்கு வந்தால் எழுது. எழுதாமல் விட்டாலும் கேட்கமாட்டேன்.

சுல்பிகா